ஒரே பேரரசு, மூன்று முடிகள்

ஈழத்து வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதும் தலைப்புகள் மூன்று உண்டு: போர்த்துக்கேயர் காலம், ஒல்லாந்தர் காலம், ஆங்கிலேயர் காலம். இலக்கிய வரலாறு எழுதுவோரும் இவ்வரிசையையே தழுவுகின்றனர். ஆரியச்சக்கரவர்த்திகள் காலம் முடிந்ததும் நம் புலவர்கள் பறங்கியர் காலத்திற் பிறந்து ஒல்லாந்தர் காலத்திற் பாடியோர் ஆகிவிடுகின்றனர். காலத்தைப் பகுப்பதற்கு ஒரு பெயர் வேண்டும். அஃது எளிதில் நினைவில் நிற்கும் பெயராகவும் இருத்தல் வேண்டும். இதனை யாரும் மறுக்கார். ஆயினும், பெயர் வெறும் அடையாளமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. வினை செய்தவர் யார், வினைக்கு ஆளானவர் யார் என்னும் தீர்ப்பையும் அது தன்னுள்ளே மறைத்து வைத்திருக்கின்றது. மாணவன் தலைப்பை மனனஞ் செய்யும்போதே அத்தீர்ப்பையும் சேர்த்து மனனஞ் செய்துவிடுகின்றான்.

போர்த்துக்கேயர் காலம் என்று நாம் வழங்குவது 1505 முதல் 1658 வரையுள்ள காலம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அக்காலத்திற் கண்டி இராச்சியம் அவர்கள் ஆட்சியில் ஒருபோதும் நிலையாக அமைந்ததில்லை. யாழ்ப்பாண இராச்சியம் 1619 வரை தன் சொந்த அரசரின் கீழேயே இருந்தது. சீதாவாக்கை அரசன் இராசசிங்கன் 1587இல் கொழும்பையே முற்றுகையிட்டு, அடுத்த ஆண்டு வரை அந்த முற்றுகையை நடத்தினான். ஆகவே, அக்காலத்தின் பெரும் பகுதியில் இத்தீவின் பெரும் பகுதி போர்த்துக்கேயருடையதன்று. இருந்தும் அக்காலம் முழுவதும் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றது.

ஒரு நாட்டின் வரலாற்றை ஆக்குவோர் கடல் கடந்து வரும் பேரரசினரா, அன்றி அந்நாட்டின் உள்ளிருந்து ஆளும் அரசரா? இவ்வினாவைப் பொதுப்படக் கேட்டால் விடையும் பொதுப்படவே அமையும். விஞ்ஞான ஆசிரியர் ஒரு பரிசோதனையில் ஒன்றை மாற்றாது வைத்துக்கொண்டு, மற்றொன்றை மாற்றிப் பார்க்கும் முறையை மாணவருக்குக் கற்பிப்பர். வரலாற்றில் அத்தகைய வாய்ப்பு அரிது. எனினும், பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி நமக்கு அதனை அளிக்கின்றது. ஒரே பேரரசின் கையைப் பற்றிக்கொண்டு அரியணையை நோக்கி நடந்தோர் மூவர். கோட்டையில் தர்மபாலன், கண்டியில் விமலதர்மசூரியன், நல்லூரில் எதிர்மன்னசிங்கன். பேரரசு ஒன்று; கடற்படை ஒன்று; அது விதித்த நிபந்தனைகளும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் மூன்று நாடுகளின் கதையும் மூன்று விதமாக முடிந்தது. ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டை: கொடையாகிப் போன முடி

1521இல் விசயபாகு மன்னன் தன் புதல்வர் மூவராற் கொல்லப்பட்டான். கோட்டை இராச்சியம் மூன்றாகப் பிரிந்தது. மூத்தவனாகிய புவனேகபாகு கோட்டையிலும், இளையவனாகிய மாயாதுன்னை சீதாவாக்கையிலும் ஆட்சி புரிந்தனர். தம்பியின் வாளுக்கு அஞ்சிய தமையன் போர்த்துக்கேயரின் துப்பாக்கியை நாடினான். ஆண் வாரிசு இல்லாத அவன், தன் மகள் வயிற்றுப் பேரனாகிய தர்மபாலனுக்கே அரசுரிமை சேரவேண்டுமென விரும்பினான். அதன்பொருட்டுப் பேரனின் உருவச்சிலை ஒன்றைச் செய்வித்து லிஸ்பனுக்கு அனுப்பினான். 1543இல் போர்த்துக்கல் மன்னன் அச்சிலைக்கு முடி சூட்டினான். பிள்ளை இங்கே இருக்க, அவன் முடி அங்கே சூட்டப்பட்ட அந்நிகழ்ச்சியே கோட்டையின் பின்னைய வரலாறு முழுவதற்கும் ஒரு முன்னுரை எனலாம்.

1551இல் களனியில் ஒரு போர்த்துக்கேயனின் துப்பாக்கிக் குண்டுக்குப் புவனேகபாகு பலியானான். தர்மபாலன் அரசனானான். 1557இல் அவன் கிறித்தவ மதத்தைத் தழுவினான். பௌத்த விகாரைகளின் நிலங்களைப் பிரான்சிஸ்கன் துறவியருக்கு வழங்கினான். அரசன் எந்த மதத்தைத் தழுவுகின்றான் என்பது ஈண்டு நமது விசாரணையன்று. அரசனையும் குடிகளையும் பிணைத்த கயிறு எது என்பதே விசாரணை. கோட்டை அரசனுக்கு மக்கள் செலுத்திய பணிவு, அவன் சங்கத்தின் காவலன் என்பதனால் எழுந்தது. அக்கயிறு அறுந்தபோது குடிகளும் பிரதானிகளும் சீதாவாக்கையின் பக்கஞ் சாய்ந்தனர். 1565இல் கோட்டை நகரே கைவிடப்பட்டது. அரசன் கொழும்புக் கோட்டையின் மதில்களுக்குள்ளே, தன் பாதுகாவலரின் விருந்தினனாக வாழலானான். நாடில்லாத அவ்வரசன் 1580இல் தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் மன்னனுக்கு உரிமைச் சாசனஞ் செய்து கொடுத்தான். 1597இல் அவன் இறந்தபோது, கோட்டை சட்டப்படியும் அவர்களுடையதாயிற்று. கோட்டை அரசன் தீவு முழுவதற்கும் மேலாதிக்கம் உடையவன் என்னும் பழைய கொள்கையைக் காட்டி, கண்டிக்கும் தாமே உரியவரென அவர்கள் வாதாடுவதற்கும் அச்சாசனமே துணையாயிற்று.

பேரரசு கோட்டையை வென்றது என்பதிலும், கோட்டை தன்னைத் தானே ஒப்படைத்தது என்பதே பொருந்தும். சகோதரப் பகை வாயிலைத் திறந்தது. பேரரசு அதன் வழியே உள்ளே நுழைந்தது.

கண்டி: கைமாறிய முடி

இரண்டாமவனின் கதை இதற்கு நேர்மாறானது. கொனப்பு பண்டாரன் என்பது அவன் இயற்பெயர். அவன் தந்தையைச் சீதாவாக்கை இராசசிங்கன் கொல்வித்தான். மகன் கொழும்புக்கு ஓடிப் போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்தான். ஞானஸ்நானம் பெற்றுத் தொன் சுவாம் என்னும் பெயர் பூண்டான். கோவாவுக்குச் சென்று அவர்களின் போர்முறையைக் கற்றான். தர்மபாலனுக்குக் கிடைத்த பாதுகாப்பு, பயிற்சி, மதம் யாவும் இவனுக்குங் கிடைத்தன. ஆனால், அவன் அவற்றைக் கொண்டு செய்தது வேறு.

கண்டியில் தமக்கு வேண்டிய ஒருவனை அரசனாக்கக் கருதிய போர்த்துக்கேயர், தொன் பிலிப்பு என்னும் யாமசிங்க பண்டாரனைப் படையுடன் அனுப்பினர். அப்படையிற் கொனப்பு பண்டாரனும் தளபதியாகச் சென்றான். தொன் பிலிப்பு விரைவில் இறந்தான். கொனப்பு பண்டாரன் போர்த்துக்கேயரை மலைநாட்டிலிருந்து துரத்திவிட்டுத் தானே அரசனாகி விமலதர்மசூரியன் எனப் பெயர் சூடினான். அவனை அடக்கவந்த இராசசிங்கனும் பலனைக் கணவாயில் தோல்வியுற்றுத் திரும்பி 1593இல் இறந்தான்.

1594இல் போர்த்துக்கேயர் மற்றொரு சூழ்ச்சி வகுத்தனர். கண்டியின் பழைய அரச மரபிற் பிறந்த குசுமாசனதேவி, தோனா கதரீனா என்னும் பெயரோடு அவர்கள் பாதுகாப்பில் வளர்ந்தவள். அவளையே அரசியாக்குவதெனத் துணிந்து, பேதுரு லோப்பெஸ் டி சூசாவின் தலைமையிற் பெரும்படை மலையேறியது. அப்படையின் பெரும்பகுதி இந்நாட்டு லஸ்கரின் வீரரால் ஆனது என்பதை நாம் மறத்தலாகாது. அவர்களை நடத்திவந்த ஜயவீர முதலியின்மேல் ஐயுற்ற போர்த்துக்கேயர் அவனைக் கொன்றனர். லஸ்கரின்கள் கூட்டங்கூட்டமாகப் படையை விட்டு நீங்கினர். எஞ்சிய படை தந்துறையில் அழிந்தது. தோனா கதரீனாவை விமலதர்மசூரியன் மணந்தான். தனக்கு வேண்டியிருந்த அரச மரபின் உரிமையைப் பகைவரே பல்லக்கில் ஏற்றிக் கொண்டுவந்து அவன் வாயிலில் இறக்கிவிட்டனர்!

அதன்பின் அவன் செய்தவை ஆழ்ந்து நோக்கத்தக்கன. ஞானஸ்நானப் பெயரைக் களைந்தான். தந்ததாதுவைக் கண்டிக்குக் கொணர்ந்து அதற்கு மாளிகை அமைத்தான். அற்றுப்போயிருந்த பிக்குமாரின் உபசம்பதையைப் புதுப்பித்தற்கு அரக்கான் தேசத்திலிருந்து தேரரை வரவழைத்தான். தர்மபாலன் அறுத்த கயிற்றை விமலதர்மசூரியன் எடுத்து முடிந்தான். 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் கண்டிக்கு வந்தபோது, அவனை வரவேற்றது ஓடி ஒளிந்த சிற்றரசன் அல்லன். ஐரோப்பியரின் பேச்சும் போரும் அறிந்த ஓர் அரசன்.

நல்லூர்: கடன்வாங்கிய முடி

நம்மவருக்கு மிகவும் அணித்தாய் இருந்தும் நாம் மிகக் குறைவாக அறிந்த கதை மூன்றாவது.

யாழ்ப்பாணத்து அரசருள் நம் மக்கள் நாவில் நிலைத்தவன் சங்கிலி. யாழ்ப்பாண வைபவமாலை இரு சங்கிலியரின் செயல்களை ஒருவன்மேல் ஏற்றிக் கூறியமையால், அவர்களை வேறுபடுத்தி அறிதல் நெடுங்காலம் கடினமாயிருந்தது. சுவாமி ஞானப்பிரகாசர் முதலியோரின் ஆராய்ச்சியால் அச்சிக்கல் அவிழ்ந்தது. முதலாம் சங்கிலி 1519 முதல் 1561 வரை ஆண்டவன். 1543இற் போர்த்துக்கேயக் கடற்படை வந்தபோது திறைகொடுக்க இசைந்து அதனைத் திருப்பி அனுப்பியவன். மறு ஆண்டில் மன்னாரில் மதம் மாறிய நூற்றுக்கணக்கானோரைக் கொல்வித்தவனும் அவனே. மத மாற்றத்தை அவன் அரச விசுவாசத்தின் மாற்றமாகக் கண்டான் என்று வரலாற்றாசிரியர் விளக்குவர். விளக்கம் பொருந்தலாம், அக்கொலைகளின் கொடுமையை அது குறைத்துவிடாது. உள்ளூர் அரசரைப் போற்றப் புகுவோர் அவர் செய்த தீமையை மறைக்க வேண்டுவதில்லை. செயலுடையவர் என்று ஒருவரை ஏற்றுக்கொண்டால், அவர் செய்த நன்மைக்கும் தீமைக்கும் அவரையே பொறுப்பாக்குதல் முறை.

1560இல் கோவாவின் பிரதிராசனாகிய கொன்ஸ்தந்தீனு டி பிறகன்சா தானே படையெடுத்து வந்து நல்லூரைக் கைப்பற்றினான். சங்கிலி வன்னிக்குப் பின்வாங்கினான். உடன்படிக்கையும் எழுதப்பட்டது. ஆனால், குடிமக்கள் கிளர்ந்தெழவே, பிரதிராசன் குடாநாட்டை விட்டு வெளியேறினான். அவன் கையில் எஞ்சியது மன்னார் மட்டுமே. அங்கே கட்டிய கோட்டை பின்னர் யாழ்ப்பாணத்தின் கழுத்திலே வைத்த கைபோல நிலைத்தது.

1591இல் யாழ்ப்பாண அரசன், கோழிக்கோட்டிலிருந்து வந்த கடற்படையின் துணையை நம்பி மன்னாரைத் தாக்கினான். போர்த்துக்கேயத் தளபதி அந்தரே பூர்த்தாடோ டி மென்டோன்சா அக்கடற்படையை அழித்து, நல்லூரையும் கைப்பற்றினான். அரசன் கொல்லப்பட்டான். முன்னைய அரசன் ஒருவனின் மகனாகிய எதிர்மன்னசிங்கனுக்கு முடி சூட்டப்பட்டது. போர்த்துக்கல் மன்னனுக்கு அடங்கி நடத்தல், திறை செலுத்துதல், பாதிரிமாரின் பணிக்குத் தடை செய்யாமை என்பன நிபந்தனைகள். முதலிமாரும் விசுவாசப் பிரமாணஞ் செய்தனர்.

இவ்விடத்தில் நம் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தோடு அமைந்துவிடுகின்றன: 'எதிர்மன்னசிங்கன் போர்த்துக்கேயரின் பொம்மை அரசன்.' அவ்வளவில் இருபத்தாறு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

அந்த இருபத்தாறு ஆண்டுகளில் நிகழ்ந்ததென்ன? எதிர்மன்னசிங்கன் திறை செலுத்தினான். பேரரசுக்கு எதிராக வாள் உருவவில்லை. ஆனால், அவன் எல்லைக்குள்ளே போர்த்துக்கேயரின் சட்டம் ஆட்சி செய்யவில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அவன் காலம் முழுவதும் நின்றது. வழிபாடும் நடந்தது. மதப் பணிக்குப் போதிய ஆதரவு தருகிறானில்லை என்று பாதிரிமார் அவன்மேற் குறை கூறிக்கொண்டேயிருந்தனர். எனினும், 1614இற் பிரான்சிஸ்கன் துறவியர் கடற்கரையோரம் ஓர் ஆலயம் அமைத்தற்கு அவன் இடங்கொடுத்தான். மறுக்கவும் இல்லை, முழுதும் இணங்கவும் இல்லை. கேட்டதிற் சிறிது கொடுத்துக் கொடாததிற் பெரிதைக் காத்தான்.

இதனினும் முக்கியமானது கண்டியோடு அவன் கொண்ட தொடர்பு. மலைநாட்டரசருக்குத் தென்னிந்தியாவிலிருந்து படைவீரரும் பொருளும் வேண்டியிருந்தன. மேற்குக் கரை போர்த்துக்கேயர் கையில் இருந்தமையால், வடக்கின் துறைகளும் வன்னியின் காட்டுவழிகளுமே அவர்களுக்கு வாயிலாயின. அவ்வாயிலை எதிர்மன்னசிங்கன் அடைக்கவில்லை. போர்த்துக்கேயர் இதனை அறிந்திருந்தனர். அவனை நீக்கிவிடல் வேண்டுமென்னும் முறையீடுகள் கோவாவுக்கும் லிஸ்பனுக்கும் சென்றன. ஆயினும் அவன் நீக்கப்படவில்லை. வெளிப்படையான குற்றம் ஒன்றை அவன் அவர்கள் கையிற் கொடுக்காமையே அதற்குக் காரணம் எனலாம். மலைநாட்டிற் கண்டி போரால் தன்னைக் காத்த அதே ஆண்டுகளில், அதற்கு மூச்சு விடும் வழியைச் சமவெளியில் ஒரு 'பொம்மை' அரசன் திறந்து வைத்திருந்தான்.

காளிதாசனின் காவியத்தைத் தழுவி இரகுவமிசத்தைத் தமிழிற் பாடிய அரசகேசரியின் காலமும் ஏறத்தாழ இதுவே என்பது மரபு. ஒருபுறம் திறைப் பணத்தை எண்ணிக்கொண்டு, மறுபுறம் வடமொழிக் காவியத்தின் செய்யுள்களைத் தமிழாக்கிக் கேட்டுக்கொண்டிருந்த அந்த நல்லூரை ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடல் இயலாது.

அவன் 1617இல் இறந்தான். வாரிசு சிறு குழந்தை. அரசகேசரி என்னும் பெயருடைய அரச குடும்பத்தான் ஒருவன் குழந்தையின் சார்பில் ஆட்சியைப் பொறுப்பேற்க வேண்டியவனானான். சங்கிலி குமாரன் அவனையும் அரச குடும்பத்தினர் பிறரையுங் கொன்று ஆட்சியைக் கைப்பற்றினான். எதிர்மன்னசிங்கன் ஒரு தலைமுறைக் காலமாகக் காத்த சமநிலை ஒரே இரவிற் குலைந்தது எனலாம். மிகப்பிள்ளை ஆராச்சியின் தலைமையில் மக்களுள் ஒரு பகுதியினர் சங்கிலிக்கு எதிராக எழுந்தனர். சங்கிலி தஞ்சை நாயக்கரிடமிருந்து படை வருவித்து அக்கிளர்ச்சியை அடக்கினான். அண்டை நாட்டுப் படை குடாநாட்டில் இறங்கியதே பேரரசு எதிர்பார்த்திருந்த வாய்ப்பாயிற்று. 1619இற் பிலிப்பு டி ஒலிவேறா படையெடுத்தான். கடல்வழியாகத் தப்ப முயன்ற சங்கிலி சிறைப்பட்டுக் கோவாவிற் கொலைத்தண்டனை பெற்றான். அரசுரிமை பெற்ற குழந்தை கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, வளர்ந்தபின் பிரான்சிஸ்கன் துறவியாயிற்று. 1621இல் நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டது.

முன்பு சங்கிலியை எதிர்த்த மிகப்பிள்ளை ஆராச்சியே பின்பு தஞ்சையின் துணையோடு போர்த்துக்கேயரை எதிர்த்து நின்றான் என்பதையும் குறிப்பிடல் வேண்டும். தன் அரசனை வீழ்த்த விரும்பியவன் தன் நாட்டை இழக்க விரும்பியவன் அல்லன். அவ்வேறுபாட்டை அவன் உணர்ந்தபோது காலங் கடந்துவிட்டது.

மூன்றையும் ஒப்பிடின்

தர்மபாலன் தன்னைக் காத்த கையிலேயே கரைந்து போனான். விமலதர்மசூரியன் அக்கையை உதறினான். எதிர்மன்னசிங்கன் அதைப் பற்றியபடியே தன் வழியில் நடந்தான். ஒருவன் சரணடைந்தான், ஒருவன் எதிர்த்தான், ஒருவன் சமாளித்தான் என்று சுருங்கக் கூறலாம்.

இவ்வேறுபாடு முற்றும் அரசரின் குணத்தால் விளைந்ததென்று கூறின் அதுவும் பிழையாகும். நிலத்தின் இயல்பையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். கொழும்பு கப்பல்கள் அணையும் துறை. குடாநாடு மலையோ காட்டரணோ இல்லாத தரை. மூன்று புறமும் கடல் சூழ்ந்தது. நான்காம் புறத்தில் மன்னார்க் கோட்டை நெருங்கியிருந்தது. கண்டிக்கோ கணவாய்களும் அடர்காடுகளும் மதிலாயின. விமலதர்மசூரியன் நல்லூரிற் பிறந்திருந்தால் தந்துறைப் போர் நிகழ்ந்திராது. எதிர்மன்னசிங்கன் மலைமேல் ஆண்டிருந்தால் திறை செலுத்தியிரான். பேரரசு ஒரு பொது நெருக்கடியை உண்டாக்கியது. நிலம் அதற்குரிய வழிகளை வரையறுத்தது. அவ்வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தவர் உள்ளூர் அரசர். இம்மூன்றும் கூடிய இடத்திலேதான் வரலாறு பிறந்தது.

இதற்கு ஒரு தடை கூறுவர்: 'ஈற்றில் நல்லூரும் வீழ்ந்தது அன்றோ? ஆண்டுகளைக் கடத்துவதால் ஆவதென்ன?' வலிய வினாவே. கடலாட்சியை இழந்த குடாநாடு பீரங்கிக் கப்பல்களின் முன் என்றென்றும் நிலைத்திருக்கும் என எவருங் கூறார். ஆயினும், 'எப்போது வீழ்ந்தது' என்பது சிறிய வினாவன்று. எதிர்மன்னசிங்கனின் இருபத்தாறு ஆண்டுகளே கண்டி வேரூன்றிய ஆண்டுகள். அக்காலத்தின் தொடக்கத்திலேயே வடக்கின் துறைகள் அடைபட்டிருப்பின், தெற்கின் கதையும் வேறாகியிருக்கக்கூடும். 1630இல் இரந்தெனிவெலையிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா வீழ்ந்ததும், 1638இற் கன்னொறுவையில் அவர்கள் படை அழிந்ததும் வேரூன்றிய கண்டியின் செயல்கள். 1638இல் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். 1656இற் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயர் கையை விட்டகன்றன. ஒல்லாந்தரை அழைத்தவன் ஓர் உள்ளூர் அரசன் என்பதும், அழைப்பின் விலையை அவன் பின்னரே உணர்ந்தான் என்பதும் ஒருங்கே உண்மை. 'இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியதுபோல' என்னும் பொருள்படச் சிங்கள மக்கள் வழங்கும் பழமொழி இதனைக் குறித்தே எழுந்தது.

இன்னொன்றையும் நோக்குக. மூன்று ஐரோப்பிய வல்லரசுகளைத் தாங்கி நின்ற கண்டி 1815இல் வீழ்ந்தபோது அதனை வீழ்த்தியது பெரும்போர் அன்று. அரசனோடு முரண்பட்ட பிரதானிகள் ஆங்கிலேயரோடு சேர்ந்து, அவ்வாண்டு மார்ச்சு 2ஆம் நாள் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். 1521இற் கோட்டையிலும், 1617இல் நல்லூரிலும் கண்ட காட்சியே முந்நூறு ஆண்டு கழித்து மலைநாட்டிலும் மீண்டது. கதவைத் தட்டியவர் மாறிக்கொண்டே வந்தனர். திறந்தவர் எப்போதும் உள்ளிருந்தோரே.

அரசர் போயினர்; வழமை நின்றது

அரசர் அழிந்தபின் உள்ளூராரின் பங்கு ஒழிந்துவிட்டதா? இல்லை. யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் நிலங்களைத் தோம்பில் எழுதினர். எழுதுவதற்கு நிலத்தின் பெயரும் எல்லையும் உடையவன் உரிமையும் அறிந்தோர் வேண்டும். அவர்கள் பழைய அரசின் முதலிமாரும் கணக்கருமே. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்னும் பிரிவுகளைப் பேரரசினர் புதிதாக வகுக்கவில்லை. இருந்தவற்றின் மீது தம் வரியை ஏற்றினர். பேரரசின் பெயர் மேலே எழுதப்பட்டது. கீழே இருந்த கணக்கு பழைய கணக்கே.

ஒல்லாந்தர் காலத்தில் இது மேலும் தெளிவாயிற்று. குடிகளின் முதுசொம், சீதனம், தேடிய தேட்டம், ஒற்றி முதலியன பற்றிய வழக்குகள் நீதிமன்றுக்கு வந்தபோது, ஒல்லாந்தச் சட்டம் அவற்றுக்குப் பயன்படவில்லை. எனவே, 1707இல் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பான் நாட்டு வழமைகளைத் தொகுத்தான். தொகுத்ததைத் தமிழ் முதலிமார் பன்னிருவர் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். அதுவே தேசவழமை. ஆங்கிலேயரும் 1806இல் அதனைச் சட்டமாக ஏற்றனர். இன்றும் அது நம் நீதிமன்றங்களில் வழங்குகின்றது. மூன்று பேரரசுகள் வந்து போயின; ஒரு தாய் தன் மகளுக்குக் கொடுக்கும் காணி எவ்வாறு கைமாற வேண்டும் என்பதை வரையறுப்பதில் நாட்டு வழமையின் பங்கு அற்றுப்போகவில்லை. தேசவழமையைத் தொகுப்பித்தவன் பெயர் நமக்குத் தெரிகின்றது. தொகுத்த சட்டமோ பெயர் தெரியாத பல தலைமுறையினரின் ஆக்கம்.

ஆசிரியர் செய்யத்தக்கது

இக்காலத்தை நாம் அறியும் நூல்களின் இயல்பையும் மாணவருக்கு உணர்த்துதல் வேண்டும். போர்த்துக்கேயரின் செயல்களை விரிவாகக் கூறும் குவேறோஸ் பாதிரியாரின் நூல், அவர்கள் இத்தீவை இழந்தபின், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிற் கோவாவில் எழுதப்பட்டது. தம்மவர் இழந்த நாட்டை எண்ணி வருந்தும் ஒருவரின் குரல் அது. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்த அதிகாரியொருவனின் வேண்டுகோளுக்கிணங்கி, அரசு அழிந்து நூறாண்டுக்கு மேல் ஆனபின் எழுந்தது. நல்லூர் அரசவையிலிருந்து நேரே நம்மிடம் பேசும் குரல் இவ்விரண்டிலும் இல்லை. எதிர்மன்னசிங்கன் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்தது எதுவும் நமக்குக் கிட்டவில்லை. அவனைக் குறித்து எழுதியோர் அவனை ஐயுற்றோர். அவர்கள் கூறிய குறைகளிலிருந்தே நாம் அவன் செயலை ஊகித்தறிய வேண்டியிருக்கின்றது. 'அவன் பாதிரிமாருக்கு உதவவில்லை', 'அவன் கண்டிக்கு வழிவிட்டான்' என்னும் குற்றச்சாட்டுகளே இன்று அவன் ஆட்சித் திறனுக்குச் சான்றாகின்றன. ஒருவர்மேற் கூறப்படும் பழியிலிருந்து அவர் பெருமையைக் கண்டறியும் பயிற்சி வரலாற்று மாணவருக்கு இன்றியமையாதது.

தலைப்புகளை அழித்து எழுதுக என்று நாம் கூறவில்லை. பரீட்சைத் தாளில் 'போர்த்துக்கேயர் காலம்' என்றே வினா வரும். மாணவன் அவ்வாறே விடை எழுதட்டும். ஆனால், அத்தலைப்பைக் கரும்பலகையில் எழுதியபின், அதன் கீழே ஆசிரியர் மூன்று பெயர்களை எழுதலாம்: தர்மபாலன், விமலதர்மசூரியன், எதிர்மன்னசிங்கன். 'ஒரே வல்லரசு மூவருக்கும் கை கொடுத்தது. மூவரும் ஏன் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரவில்லை?' என்று கேட்கலாம். அவ்வினாவுக்கு வகுப்பு விடை தேடத் தொடங்கிய கணமே, நம் முன்னோர் பிறரின் காலத்தில் வாழ்ந்து மறைந்தோர் என்னும் எண்ணம் மாறத் தொடங்கும். அவர்கள் தேர்ந்தனர், தேர்ந்தவற்றுட் சில நம்மைக் காத்தன, சில நம்மைக் கெடுத்தன. இரண்டையும் நம்முடையவை என ஏற்பதே நம் வரலாற்றை நாம் கற்பதாகும்.